படி, கேள், பார்

புது தில்லி, கரோல் பாக்
6 ஜூன் 1993

அன்புள்ள ஜஹனாரா,

பத்திரிகை ஆசிரியர் ஒத்துக்கொண்டுவிட்டார்! மாதம் ஒரு பக்கம். "படி, கேள், பார்" என்று நீ வைத்த பெயரே. படிக்க ஓர் அரசியல் புத்தகம், கேட்க ஒரு கேசட், பார்க்க ஒரு படம். காலேஜ் நோட்டீஸ் போர்டில் நாம் இரண்டு பேரும் ஒட்டி, பிரின்சிபல் கிழித்துப் போட்ட அதே தாள் இனிமேல் தமிழ்நாடு முழுக்கப் போகப்போகிறது. உன் பெயரையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். ஒரு பத்திக்கு ஒரு பெயர்தான் என்று சொல்லிவிட்டார். கோபித்துக்கொள்ளாதேடி. எனக்கு இது எப்போதும் நம் பக்கம்தான்.

திரைப்படச் சங்கத்தில் பார்த்ததாக எழுதியிருந்தாயே, ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற பெண்ணைப் பற்றிய அந்த ஹங்கேரிப் படம், அதைப் பற்றி நீ எழுதிய இரண்டு பாராவை அப்படியே எடுத்துக்கொள்ளட்டுமா? அதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அலுவலகத்தில் நாள் முழுக்க அமைச்சர்களின் உரையைத் தமிழாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி அறைக்கு வந்து உன் கடிதத்தைப் படித்தால்தான் எனக்கும் தமிழ் தெரியும் என்று நினைவு வருகிறது. அடுத்த மாதத்துக்கு என்ன போடலாம் என்று சீக்கிரம் எழுது.

உன் அத்தாவுக்கு என் வணக்கம்.

உன்
ஹம்சா


இராயப்பேட்டை, சென்னை
20 ஜூன் 1993

அன்புள்ள ஹம்சாவுக்கு,

பாராக்களை எடுத்துக்கொள். அதற்கெல்லாம் என்னைக் கேட்பாயா?

அடுத்த மாதத்துக்கு: கூவம் ஓரத்துக் குடிசைகளை அகற்றியதைப் பற்றி ஒரு சின்ன வெளியீடு லஸ் நடைபாதையில் கிடைத்தது. அட்டை கிழிந்திருக்கிறது, விஷயம் கனமானது. கேட்க ஒரு கேசட்டும் வைத்திருக்கிறேன். நான் பாடம் நடத்தும் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா, சாந்தோம் குப்பத்து மீனவப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் பாடியதைப் பதிவு செய்து கொடுத்தார்கள். பின்னால் கடல் சத்தம் கேட்கிறது. இரண்டையும் தபாலில் அனுப்புகிறேன்.

இனி வீட்டு விஷயம். மார்ச்சில் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா. பேச்சு திரும்பிவிட்டது. வலது கையும் காலும் வரவில்லை. அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்த மனிதர், இப்போது நான் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டால் அதில் பிழை சொல்லுகிறார். காலையில் எல்லாம் செய்து வைத்துவிட்டுப் போகிறேன். மதியம் மட்டும் யாராவது அவரைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்ட வேண்டும். அம்மா இல்லாத வீடு. இதுவரை பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். இப்போது இந்த இடத்தை இடித்து ஃப்ளாட் கட்டப்போகிறார்கள். எல்லோரும் காலி செய்கிறோம்.

உங்கள் கச்சேரி ரோடு வீட்டில் பின் போர்ஷன் காலியாக இருக்கிறது என்று ஏப்ரலில் எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்துவிடலாம். மதிய இடைவேளையில் அத்தாவுக்குச் சோறு கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். படி ஏற வேண்டியதும் இல்லை. கறி, மீன் சமைக்க மாட்டோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமாவிடம் நானே போய்க் கேட்கலாம் என்று இருக்கிறேன். உனக்குத் தெரியாமல் போவது நன்றாக இருக்காது என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்
ஜஹனாரா


புது தில்லி
4 ஜூலை 1993

என் ஜஹனாரா,

கறி, மீன் சமைக்க மாட்டோம் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? அந்த வரியைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். உன் வீட்டில் நீ என்ன வேண்டுமானாலும் சமை.

ஆனால் ஒன்று. அப்பாவிடம் நீ நேரே கேட்காதே. முகத்துக்கு எதிரே இல்லை என்று சொல்லத் தெரியாதவர் அவர். அப்புறம் மனசுக்குள் வைத்துப் புழுங்கிப் பிரஷரை ஏற்றிக்கொள்வார். நான் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். அதுவரை அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் நல்லது. உன்னைப் பார்த்தால் ஏதாவது கேட்பார், நீயும் சொல்லிவிடுவாய். உன்னால் எதையும் மறைக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

நாற்பத்தேழில் தில்லியில் வீடிழந்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒரு பிரதி வாங்கி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது அத்தியாயத்தை அவசியம் படி.

மீனவப் பெண்கள் கேசட் அற்புதம். ஆசிரியர் இரண்டு முறை போட்டுக் கேட்டாராம்.

உன்
ஹம்சா


இராயப்பேட்டை
29 ஆகஸ்ட் 1993

அன்புள்ள ஹம்சா,

மாமாவிடம் பேசினாயா? இந்த மாதம் வந்த உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. இந்த மாதம் ஊரில் குண்டு வெடித்ததிலிருந்து வீடு தேடுவது வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு "யோசித்துச் சொல்கிறோம்" என்றாவது சொல்வார்கள். முருகன் என்று ஒரு புரோக்கர். நல்ல மனிதர், எனக்காக மந்தைவெளி முழுக்க சைக்கிள் மிதித்தார். போன ஞாயிறு ஒரு வீட்டுக்கு அழைத்துப் போகும்போதே, "டீச்சர், வூடு ஷோக்கா கீது. ஓனரம்மாவும் நல்ல மாதிரி. பேரை நான் சொல்லிக்கிறேன், நீ கம்முனு இரு" என்றார்.

உள்ளே போனதும், "ஜானா டீச்சர்மா, சாந்தோம் ஸ்கூல்ல கீறாங்க" என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஜானான்னா ஜானகியாம்மா?"

"இல்லீங்க. ஜஹனாரா."

சிரிப்பு அப்படியே இருந்தது. "அப்படியா. ஆத்துல மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு சொல்றேனே" என்றார்கள். மறுநாள் சொந்தக்காரர் யாரோ குடிவருவதாகச் செய்தி வந்தது.

தெருவில் இறங்கியதும் முருகன் என்மேல் எரிந்து விழுந்தார். "இன்னா டீச்சர் நீ? ஒரே ஒரு பேரு. அத்த முழுங்கிக்கினு இருக்கக் கூடாதா? நாலு நாளா வெயில்ல சுத்திக்கினு கீறேன்." எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லித்தருகிறவள், என் பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டு மறுநாள் எப்படிப் பாடம் எடுப்பேன்? அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் பயனில்லை.

அக்டோபர் கடைசிக்குள் இங்கே காலி செய்ய வேண்டும். எப்படியானாலும் ஒரு வரி எழுது. இல்லை என்றாலும் சரி, எழுது.

ஜஹனாரா


புது தில்லி
10 அக்டோபர் 1993

ஜஹனாரா,

இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதாக எழுதுகிறேன்.

அப்பாவிடம் பேசினேன். எஸ்.டி.டி. பூத்தில் நின்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவா ரொம்ப நல்லவாதான், இல்லேங்கல. ஆனா அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவா? ஆத்துல பூஜை புனஸ்காரம்னு இருக்கே" என்கிறார். நான் என்ன சொல்லியும் இறங்கி வரவில்லை. ஏற்கெனவே ஒரு பேங்க் ஆபீசருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். காலேஜ் நாளில் உனக்குத் தன் கையால் காபி கலந்து கொடுத்த மனிதர்! அவர்கள் தலைமுறையே அப்படித்தான். காபி வரைக்கும்தான் வருவார்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் என்ன சொல்லுவது என்று தெரியவில்லை.

தயவுசெய்து நீ போய் அவரிடம் இதைப் பற்றிப் பேசாதே. உன் முகத்துக்கு நேரே ஏதாவது சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு வாடகை வீடு கிடைக்காத கொடுமையைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய புத்தகம் அகப்பட்டது. பார்சலில் வருகிறது. அதைப் படித்தால் நீ தனியாக இல்லை என்று தோன்றும்.

உன்
ஹம்சா


ஈக்காட்டுத்தாங்கல்
5 டிசம்பர் 1993

அன்புள்ள ஹம்சா,

முகவரி மாறிவிட்டது, பார்த்துக்கொள். ஒரு லேத் பட்டறையின் பின்னால் இரண்டு அறை. பட்டறைக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கம். பெயரைக் கேட்டுவிட்டும் கொடுத்தார்கள். காலை முதல் இரும்பு கிறீச்சிடுகிறது. அத்தா முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ். விடியும்முன் கிளம்பினால் மணியடிப்பதற்குள் போய்ச் சேரலாம். மதியம் வந்து போவது என்பது இல்லை. பட்டறைக்காரரின் மனைவி சுந்தரவல்லி முடிந்த நாளில் எட்டிப் பார்க்கிறார்கள். முடியாத நாளில் அத்தா சாயங்காலம் வரைக்கும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, சாப்பிட்டேன் என்று சொல்லுகிறார்.

மாமாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையாகவே சொல்லுகிறேன். வயதானவர், அவர் பழகிய உலகம் அது. நீ அவரோடு சண்டை போடாதே. அத்தாவிடம் சொன்னபோது, "அவருக்கும் நாலு சங்கடம் இருக்கும்ல. நமக்காக அந்தப் புள்ள கேட்டுப் பாத்துச்சே, அது போதும்மா" என்றார்.

பார்சல் வந்தது. படிக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன்.

ஜனவரிக்கு என்ன போடுகிறாய்? திரைப்படச் சங்கத்தின் சாயங்காலக் காட்சிகளுக்கு இனி என்னால் போக முடியாது. வேறு யாரையாவது கேட்டுக்கொள்.

அன்புடன்
ஜஹனாரா


புது தில்லி
12 பிப்ரவரி 1994

என் ஜஹனாரா,

இந்தக் கடிதத்தோடு பிப்ரவரி இதழ் வருகிறது. உட்கார்ந்து, நிதானமாகப் படி.

எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் ஆகஸ்ட் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த மந்தைவெளி அம்மாளின் சிரிப்பு, புரோக்கர் பேசியது எல்லாமே உன் வார்த்தைகள்தான். உன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. "சாந்தோமில் சரித்திரம் சொல்லித்தரும் என் தோழி" என்று மட்டும்தான். அப்பாவையும் விட்டு வைக்கவில்லை. ஊரைக் குறை சொல்லிவிட்டு என் வீட்டை மறைத்தால் அது நேர்மை ஆகாது. "என் தந்தையின் வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை" என்று முடித்திருக்கிறேன். கீழே இதைப் பற்றிப் படிக்க நாலு புத்தகம், பார்க்க இரண்டு படம்.

பெட்டி பெட்டியாகக் கடிதம் வருகிறதாம். சொந்தத் தகப்பனைப் பற்றி இப்படி எழுத எத்தனை துணிச்சல் வேண்டும் என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். பத்தி தொடங்கியதிலிருந்து இதுதான் உச்சம் என்று ஆசிரியர் சொன்னார். எனக்கு என்னவோ இது உன்னுடைய வெற்றி என்றுதான் தோன்றுகிறது.

படித்ததும் எழுது. என்ன நினைத்தாய் என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை.

உன்
ஹம்சா


ஈக்காட்டுத்தாங்கல்
21 மார்ச் 1994

ஹம்சா,

நீ அனுப்பிய இதழ் வருவதற்கு முன்பே படித்துவிட்டேன். ஆசிரியர்கள் அறையில் மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்கள். சாந்தோமில் சரித்திரம் சொல்லித்தருகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாய்? தலைமையாசிரியை கூப்பிட்டு, "உங்க கஷ்டத்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, பத்திரிகைக்குப் போகணுமா?" என்று கேட்டார். நான் போகவில்லை என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

எழுதும்முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அது போகட்டும். போன மாதக் கடைசியில் அத்தா தானாகவே எழுந்து தண்ணீர் எடுக்கப் பார்த்து விழுந்துவிட்டார். சுந்தரவல்லி அன்று ஊரில் இல்லை. பட்டறைச் சத்தத்தில் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. மதியம் விழுந்தவர், நான் வந்து விளக்கைப் போடும்வரை தரையிலேயே கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லம்மா, சும்மா படுத்திருக்கேன்" என்றார்.

வேலையை விட்டுவிட்டேன். பட்டறைக்காரர்களின் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். சரித்திரம் யாருக்கும் வேண்டாம், கணக்குத்தான் கேட்கிறார்கள்.

இதையும் எழுதிவிடாதே.

ஜஹனாரா


புது தில்லி
18 டிசம்பர் 1994

அன்புள்ள ஜஹனாரா,

ஒன்பது மாதமாக நான் எழுதிய எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. உன் கோபம் நியாயம்தான். ஆனாலும் இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

பத்திகள் புத்தகமாக வருகின்றன. ஜனவரி எட்டாம் தேதி, ஞாயிறு மாலை, ஆழ்வார்பேட்டையில் வெளியீடு. அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றிய கட்டுரைதான் முதல் கட்டுரை. புத்தகத்தையே "கதவு திறக்கப்படாத என் தோழிக்கு" என்று உனக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன். நீ மேடைக்கு வர வேண்டும். இரண்டு வார்த்தை பேசினால் போதும். பேச விருப்பமில்லை என்றால் சும்மா உட்கார்ந்திரு. உன்னை அந்தச் சபை பார்க்க வேண்டும்.

அப்பாவும் வருவார். அவர் இப்போது ரொம்பத் தளர்ந்துவிட்டார். நீ அவரிடம் ஒன்றும் பேச வேண்டிய அவசியமில்லை. பழையதைக் கிளற வேண்டாம். முடிந்தவரை விலகியே உட்கார வைக்கிறேன்.

அத்தாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அன்றைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். வருவாய்தானே?

என்றும் உன்
ஹம்சா


ஈக்காட்டுத்தாங்கல்
11 ஜனவரி 1995

ஹம்சா,

நான் வந்திருந்தேன். சுந்தரவல்லியை அத்தாவோடு இருக்கச் சொல்லிவிட்டுத் தாமதமாகத்தான் வந்தேன். பின்னால், அரங்க வாசலில் புத்தகம் விற்கிற மேஜை அருகே நின்றேன். என் தோழியால் வர இயலவில்லை என்று நீ மேடையில் சொன்னது கேட்டது. குரல் உடைந்து, ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுப் பேசினாய். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முன்னால் வந்து என்னைக் காட்டிக்கொள்ளத்தான் இருந்தேன். அதற்குள் மாமா காற்றுக்காக வெளியே வந்தார். நீ சொன்னபடி நான் விலகிக்கொள்ளப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"ஜஹனாராதானே? வாம்மா. அப்பா எப்படி இருக்கார்?"

"இருக்காங்க மாமா. இப்ப கொஞ்சம் உக்கார்றாங்க."

என்னை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனார். யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்க மாட்டியே? நீ பின் போர்ஷன் கேட்டு நான் மாட்டேன்னுட்டேன்னு ஹம்சா எழுதியிருக்கா. பார்க்ல என்னோட நடக்கறவா எல்லாரும் படிச்சுட்டு என்னை ஒரு மாதிரி பாக்கறா. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலையேம்மா. நீ எப்ப கேட்டே? நான் என்ன சொன்னேன்? புத்தி தடுமாறறதோன்னு பயந்துண்டு டாக்டர்கிட்டகூடப் போய்ட்டு வந்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்குங்கறார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஹம்சா உங்ககிட்ட போன்ல பேசினாளே மாமா? அக்டோபர் மாசம், எங்களுக்குக் குடுக்கச் சொல்லி?"

"உங்களுக்கா? இல்லையே. அவளோட ஆபீஸ்ல யாரோ, அவாளோட மச்சினர் இங்க பேங்க்ல இருக்கார், சைவம், நல்ல குடும்பம், அவருக்குக் குடுங்கோன்னு எழுதினா. அது ஜூலையிலயே. போர்ஷன் விஷயமெல்லாம் அவ சொல்றபடிதானேம்மா நான் பண்றது. குடுத்துட்டேன்."

ஜூலை, ஹம்சா. கறி, மீன் சமைக்க மாட்டோம் என்று எழுதியதற்காக நீ அழுத அதே ஜூலை.

"நீங்க எதையும் மறக்கல மாமா. உங்ககிட்ட யாருமே கேக்கல. இனிமே டாக்டர்கிட்ட போக வேணாம்" என்றேன்.

மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அவ கேட்டிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியல. உன்கிட்ட பொய் சொல்லப்படாது. யோசிச்சிருப்பேன். மாட்டேன்னுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனா அதைச் சொன்னவன் நானா இருந்திருப்பேனே" என்றார். என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போனார். முன்வரிசையில் உட்கார்ந்து, அவர் தலைமுறையைப் பற்றி நீ பேசியதை முழுக்கக் கேட்டார். முடிந்ததும் கைதட்டினார். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன். மகளைச் சபையில் விட்டுக்கொடுக்கத் தெரியாதவர்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் அவரை மன்னித்துக்கொண்டிருந்தேன். என் அத்தா தரையில் கிடந்த அன்றுகூட மன்னித்தேன்.

ஏன் செய்தாய் என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. உன் அப்பா மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று பயந்தாயா, சரி என்று சொல்லிவிடுவார் என்று பயந்தாயா, அது உனக்குத் தெரியும். மந்தைவெளி அம்மாள் ஒரே நாளில் இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். அதனால் நான் அடுத்த வீட்டைத் தேடிப் போனேன். நீ சொல்லாததால் ஜூலை முதல் அக்டோபர் வரை உன் ஒரு வரிக்காகக் காத்திருந்தேன். அந்த நாட்களில், உன் பதிலை நம்பித் தள்ளிப்போட்டதில், சாந்தோம் பக்கம் இரண்டு வீடு கைவிட்டுப் போயிற்று. அதை நான் உனக்கு எழுதவில்லை, உனக்கு வருத்தமாக இருக்குமே என்று.

அத்தாவிடம் இதைச் சொல்லவில்லை. "அந்தப் புள்ள நல்லாப் பேசுச்சா?" என்று கேட்டார். நன்றாகப் பேசினாள் என்றேன்.

இதற்குப் பதில் எழுதாதே. நீ எழுதினால் நன்றாக எழுதுவாய். படித்தால் நான் நம்பிவிடுவேன்.

ஜஹனாரா